தானாகப் பாடிய ஹெல்மெட்

அத்தியாயம் 6

வண்டி இல்லாமல் ஹெல்மெட்டை மட்டும் மாட்டிக்கொண்டு நடக்கிறவனைத் தெரு எப்படிப் பார்க்கும் என்பது அன்று பிற்பகல்தான் எனக்குத் தெரிந்தது. திரைச்சீலைக் கடைக்காரர் துணி அளப்பதை நிறுத்திவிட்டார். டயர் கடை வாசலில் நின்ற ஒருவர், எனக்குப் பின்னால் வண்டி ஏதாவது தனியாக உருண்டு வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"நிமிர்ந்து நட," என்றாள் சித்தி, தன் மோட்டார் சைக்கிளை என் நடைக்கு ஏற்றபடி ஊரவிட்டு. "துப்பறியிறவன் மாதிரியா இருக்க? ராக்கெட்டத் தவறவிட்டவன் மாதிரி இருக்க."

"என்ன சித்தி? காதுல விழல."

"அதுவும் நல்லதுதான்."

சித்தி என் அம்மாவின் தங்கை. காலையில் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பாள். மதியத்துக்கு மேல் எனக்கு உதவியாளர். துப்பறியும் பயிற்சிக்கு மாலை வகுப்பில் நான் சேர்ந்த அன்றே அந்தப் பதவியைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது, வண்டி இருந்தது. என்னிடம் இரண்டும் இல்லை. மறுக்க முடியவில்லை.

நான் மாட்டியிருந்த ஹெல்மெட், எங்களிடம் வழக்கைக் கொண்டுவந்தவருடையது. பார்சல் அக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற அவர், ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முந்தாநாள் மதியம் அவர் சாப்பிட உள்ளே போயிருந்த நேரத்தில், வாசலில் நின்ற அவருடைய மோட்டார் சைக்கிள் காணாமல் போய்விட்டது. வண்டி இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை. இன்று சாயங்கால லாரியில் தலைமை அலுவலக அதிகாரி வருகிறார். அவர் வரும்போது அக்கா தன் வண்டியோடு வரிசையில் நிற்காவிட்டால், அவருடைய ரூட் 'கூலிங்கிளாஸ்' என்கிற சக ஊழியருக்குப் போய்விடும். அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போலீஸில் புகார் கொடுத்திருந்தார். ஆனால் அதில் ஒரு விஷயத்தை எழுதவில்லை. எங்களிடம் அதைச் சொல்லும்போதுகூடக் கதவைச் சாத்தச் சொன்னார்.

வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு குட்டிப் பாட்டுப் பெட்டி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வண்டியின் பாட்டரியிலிருந்து அதற்கு ஒரு ஒயர். சாவியைத் திருப்பினால் பெட்டி விழித்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் இருக்கிற ஸ்பீக்கரைத் தேடிப் பிடித்து, முன்பு விட்ட இடத்திலிருந்து பாடும். ஹெல்மெட் பக்கத்தில் இல்லையென்றால் பாட்டு நகராமல் அங்கேயே காத்திருக்கும்.

"மெதுவாத்தான் வைப்பேன் தம்பி," என்றார் அக்கா. "ஹார்ன், பின்னாடி வர்ற வண்டி, எல்லாம் நல்லாக் கேக்கும். பாட்டு போற வேகத்துக்குத்தான் என் கை திருகும். அதுக்காகவே சோகப் பாட்டா நிறைய ஏத்தி வெச்சிருக்கேன்."

அலுவலகத்தில் அது தெரிந்தால் வேலை போய்விடும். பாட்டுக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட அங்கே தடை. கேட்டில் கழுத்தில் விசிலோடு ஒரு மேற்பார்வையாளர் நிற்பார். காதோரம் சின்ன ஒயர் தெரிந்தாலே ஊதிவிடுவார். அவர் பெயரே விசில் சார்.

நேற்று மாலை அக்கா ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, இந்தத் தெரு வழியாகப் பஸ்ஸுக்கு நடந்திருக்கிறார். ஒருவேளை என்கிற நப்பாசையில் ஸ்பீக்கரை அணைக்காமல் வைத்திருந்தார். தெருவின் நடுவில் ஹெல்மெட் பாடியது. அவர் சுற்றிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. அதனால்தான் அது இப்போது என் தலையில் இருந்தது.

"போலீஸுக்கு மோப்ப நாய், நமக்கு ஹெல்மெட்," என்றாள் சித்தி. "சோறு போட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம்."

இரண்டாவது முறை தெருவைக் கடந்தபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டி இந்தத் தெருவில் நிற்கிறது என்று நான் ஏன் முடிவு செய்தேன்? யாராவது ஓட்டிக்கொண்டு போயிருக்கலாமே? அப்படியானால் நான் ஒரு ஹெல்மெட்டுக்கு நடைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டயர் கடையைத் தாண்டினேன். காதுக்குள் ஒரு விக்கல். பிறகு ஒரு புல்லாங்குழல்.

நான் அப்படியே நின்றேன். சித்தி பிரேக் போட்டாள்.

"பாடுதா?"

நான் தலையாட்டினேன். இரண்டு அடி பின்னால் போனேன், குழல் திக்கியது. முன்னால் வந்தேன், தெளிந்தது. டயர் கடைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. சந்துக்குள் போகப் போகப் பாட்டு ஒழுங்காக ஓடியது. குழலோடு ஒரு பெண்குரலும் சேர்ந்துகொண்டது. சந்தின் முடிவில் தகரக் கூரை போட்ட ஷெட். அங்கே ஒரு மெக்கானிக் வண்டி ஒன்றை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நம்பரைப் பார்த்தேன். அக்காவின் வண்டி.

மெக்கானிக் என்ஜினை நிறுத்தியதும் என் காதில் பாட்டும் நின்றது.

"வண்டி யாருதுங்க?" என்று கேட்டேன்.

"நீங்க யாருங்க?"

"துப்பறிகிறவன்."

அவர் என் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். "கூட யாராவது பெரியவங்க வந்திருக்கீங்களா?"

"நான்தான் பெரியவ," என்றாள் சித்தி. "பையன் சொல்றது நெசம். இது திருட்டு வண்டி. நீங்க தெரியாம ரிப்பேர் பண்ணியிருக்கீங்க, அதனால உங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல. ஒரு ஸ்டூல் மட்டும் போடுங்க."

மெக்கானிக் பயந்துபோய் உள்ளதைச் சொன்னார். முந்தாநாள் மதியம் ஒரு ஆள் வண்டியை ஓட்டிவந்து விட்டார். ஹெட்லைட் உடைந்து, முன் மட்கார்டு நெளிந்திருந்தது. நேற்று மாலை ஒயரிங் முடித்து ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார். இன்று விளக்கு மாட்டியாகிவிட்டது.

"ஆள் பாக்க எப்படி இருந்தாரு?"

"முகம் தெரியலீங்க. முழு ஹெல்மெட். கழட்டவே இல்ல. வந்து நின்னு, என்ஜின்கூட நிறுத்தல. என்னங்க ஆச்சுன்னு கத்துறேன், காதுலயே வாங்கல. நானே கைய நீட்டிச் சாவியத் திருப்பினேன். அதுக்கப்புறம்தான் நான் ஒருத்தன் நிக்கிறதே அவருக்குத் தெரிஞ்சுது."

"வண்டிய எப்ப எடுக்க வருவாரு?"

"இப்ப வர்ற நேரந்தான். சாயங்கால லாரிக்கு முன்னாடி வேணும்னு ஒரே அவசரம்."

சாவியைக் குனிந்து பார்த்தேன். அதன் தலையில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. லாரி உள்ளே வரும்போது வாசலில் நிற்கிற வண்டிகளை நகர்த்துவதற்காக, அலுவலகத்தில் எல்லோருடைய மாற்றுச் சாவியும் ஒரு பலகையில் தொங்கும் என்றும், அவற்றுக்குச் சிவப்பு டேப் சுற்றியிருக்கும் என்றும் அக்கா சொல்லியிருந்தார். அப்படியானால் வெளியாள் இல்லை.

"கூலிங்கிளாஸ்!" என்றாள் சித்தி. "வண்டி போச்சுன்னா ரூட்டு அவனுக்கு. கணக்கு முடிஞ்சுது. எந்திரி, போலாம்."

எனக்குக் கணக்கு முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். வண்டி கிடைத்துவிட்டது என்றதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு, ஒரு விசும்பல், பிறகு ஒரு கேள்வி: "பெட்டி இருக்கா தம்பி?"

"இருக்குக்கா. பாடிச்சு. குழல் வாசிச்சு ஆரம்பிக்கிற பாட்டு."

"குழலா? அது எப்படி? நான் சாப்பிடப் போகும்போது வயலின் பாட்டுல நிறுத்தினேன். நேத்து தெருவுல ஒரு வரிதான் கேட்டுச்சு. குழல் பாட்டு ரொம்பத் தள்ளியில்ல இருக்கு?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பெட்டி பழசு தம்பி. சாப்பிட்டு வந்து பாத்தா தினமும் பாட்டு கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கும். ஒரு சரணம் காணாமப் போயிருக்கும்."

"தினமுமா? சாப்பாட்டு நேரத்துல மட்டுமா?"

"ஆமா. ஏன்?"

"அக்கா, அந்தப் பெட்டிக்கு வேற ஹெல்மெட் ஏதாவது பழக்கமா?"

"முன்னாடி ஒண்ணு வெச்சிருந்தேன். உள்ள ஸ்பீக்கர் இருக்குன்னு கண்டுபிடிச்சு, விசில் சார் புடுங்கி அலமாரில போட்டுட்டாரு, அடுத்த தடவன்னா வேல போயிடும்னாரு. நல்ல மனுஷன்தான் தம்பி, பாட்டுன்னாதான் ஆகாது. நேத்தே என் ரூட்ட மாத்தியிருக்கணும் அவரு. நான் கேக்காமலே, இன்னிக்கு வரைக்கும் பொறுத்துக்கிறேன்னுட்டாரு."

தெருப் பெயரைச் சொல்லி உடனே கிளம்பி வரச் சொன்னேன். போனை வைத்த பிறகு ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தேன். ஹெல்மெட் பக்கத்தில் இல்லாமல் பாட்டு நகராது. சாவி திரும்பாமல் பெட்டி விழிக்காது. அப்படியென்றால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் யாரோ அந்தப் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அக்காவின் வண்டியில் சாவியைப் போட்டு, ஒரு சரணம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"சித்தி, இவன் வண்டி திருடன் இல்ல. பாட்டுத் திருடன்."

"ஏதோ ஒண்ணு. வரட்டும், பல்லப் பிடுங்கிக் கையில குடுத்துடறேன்."

"என் ஊகம் தப்பாவும் இருக்கலாம்."

"உனக்கு விசிட்டிங் கார்டு அடிச்சா அதையே கீழ போட்டுக்கலாம்."

ஊகத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. அக்காவின் ஹெல்மெட்டில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். வண்டியை எடுக்க யார் வந்தாலும், ஒரு வார்த்தையும் பேசாமல் சாவியை மட்டும் திருப்பும்படி மெக்கானிக்கிடம் சொன்னேன். என்ஜின் வேண்டாம். நானும் சித்தியும் டயர் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். சித்தி கையில் ஒரு நீளமான ஆயில் புனலை எடுத்துக்கொண்டாள்.

சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. முழு ஹெல்மெட், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஆள் உள்ளே வந்ததும் மெக்கானிக் சாவியைத் திருப்பினார். ஆள் அசையவில்லை. கால் அசையவில்லை, விரல் அசையவில்லை. நான் சோதனை முடிவை மனசுக்குள் எழுதுவதற்குள் சித்தி பாய்ந்துவிட்டாள்.

"மாட்டினியா கூலிங்கிளாஸ்!"

"ஐயோ! யாரும்மா நீ? எதுக்கு அந்தப் புனல நீட்டுற?"

"வண்டிய எடுக்கத்தானே வந்த?"

"பஞ்சர் போட வந்தேம்மா! வண்டி வெளிய நிக்குது, போய்ப் பாரு!" அவன் கண்ணாடியைக் கழற்றினான். எதிரில் நின்ற வண்டியைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "இது அக்கா வண்டியாச்சே! கெடச்சிருச்சா? அப்பாடா!"

"உனக்கென்னய்யா அப்பாடா?" என்றாள் சித்தி. "ரூட்டு உனக்குத்தான வர இருந்துச்சு?"

"அந்த ரூட்டா? எல்லாமே லிஃப்ட் இல்லாத நாலு மாடி. நடுவுல ஒரு வீட்டுல ரெண்டு நாயி, பார்சல் வந்தா அதுங்கதான் கையெழுத்துப் போடும். மூணு நாளா இந்த வண்டி கெடைக்கணும்னு அக்காவ விட நான்தான் அதிகமா வேண்டிட்டிருக்கேன்."

சித்தி புனலைத் தாழ்த்தினாள். "உன் ஊகம் என்னடா ஆச்சு?"

"கூலிங்கிளாஸ்னு நான் சொல்லவே இல்லையே சித்தி."

மறுபடி காலடிச் சத்தம். நான் கூலிங்கிளாஸையும் இழுத்து டயருக்குப் பின்னால் உட்கார வைத்தேன். மெக்கானிக் சாவியை அணைத்துவிட்டு, துடைத்த விளக்கையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

வந்தவர் குட்டையாக, பருமனாக இருந்தார். முகத்தை மூடிய பழைய நீல ஹெல்மெட். வண்டியின் புது ஹெட்லைட்டைத் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். மெக்கானிக் சாவியைத் திருப்பினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு இரண்டு. அப்புறம் கால் சேர்ந்துகொண்டது. தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஷெட்டுக்குள் ஒரு சத்தம் இல்லை. அந்த மனிதர் மட்டும் எங்கள் யாருக்கும் கேட்காத ஒரு பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தில் கட்டிய நாடாவில், ஒரு விசிலும் கூடவே ஆடிக்கொண்டிருந்தது.

கூலிங்கிளாஸ் என் தோளைப் பிடித்தான். "சாரா?"

நான் எழுந்து போய்ச் சாவியை அணைத்தேன். தாளம் பாதியில் நின்றது. அவர் திரும்பி எங்கள் மூவரையும் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்ற நேரமானது.

"எத்தன பேருக்குத் தெரியும்?" என்றார் விசில் சார்.

"இப்போதைக்கு இந்த ஷெட்டு அளவுக்கு," என்றாள் சித்தி. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் உட்கார்ந்தார். "மதிய லாரி வரும்போது நான்தான் வண்டிங்கள நகர்த்துவேன். ஒரு நாள் மழை. தலை நனையுதேன்னு அலமாரில இருந்த இந்த ஹெல்மெட்ட மாட்டினேன். அந்தம்மா வண்டில சாவியப் போட்டதும் ஒரு பாட்டு. சுத்திப் பாக்குறேன், யாரும் இல்ல. சாவிய எடுத்தா நின்னுபோச்சு. மறுநாளும் போட்டேன். முந்தின நாள் விட்ட எடத்துலேர்ந்து பாடுது."

"அதனால தினமும் அந்த வண்டிய மட்டும்…"

"தினமும் பத்தடி நகர்த்துவேன். பத்தடிக்கு ஒரு சரணம் கெடைக்கும். அதுக்கு மேல நின்னா யாராவது பாத்துடுவாங்க. முந்தாநாள் அந்த வயலின் பாட்டு. முழுசா ஒரே ஒரு பாட்டு கேக்கணும்னு ஆச வந்துடுச்சு. தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்னு எடுத்தேன். அது முடிஞ்சு அடுத்தது வந்துச்சு. அதுவும் நல்லா இருந்துச்சு."

"இடிச்சது எங்க?"

"நம்ம ஆபீஸ் பின் கேட்டுலயே. யாருக்கும் அடி படல."

"பாட்டுச் சத்தத்துல ஹார்ன் கேக்கலையா சார்?" என்றான் கூலிங்கிளாஸ். ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்த கேள்வி போலிருந்தது.

"பாட்டால இல்லய்யா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரசிச்சுக் கண்ண மூடிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சித்தி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் திரும்பிப் போவதற்குள், வண்டி திருடு போய்விட்டது என்று அலுவலகமே கூடியிருந்தது. வாய் வரவில்லை. கேட்டில் நின்று பாட்டுக்காக எல்லோரையும் விசில் ஊதி மடக்கியவர், பாட்டுக் கேட்கப் போய் இடித்தேன் என்று எப்படிச் சொல்வார்? லாரிக்கு முன்னால் வண்டியைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று நினைத்திருந்தார்.

அக்கா கேட்காமலே அவர் கொடுத்த ஒரு நாள் அவகாசம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் அக்கா சொன்ன நிமிஷமே உறைத்திருக்க வேண்டும். நல்ல துப்பறிகிறவனுக்கு உறைத்திருக்கும்.

சந்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார் பார்சல் அக்கா. முதலில் வண்டியைப் பார்த்தார். சீட்டைத் தட்டினார். அப்புறம்தான் ஸ்டூலில் இருந்தவரையும், அவர் மடியில் இருந்த நீல ஹெல்மெட்டையும் பார்த்தார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"ரெண்டு ராத்திரியாத் தூங்கல சார் நான்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை, ஆனால் உடைந்திருந்தது. "வேல போச்சுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன்."

"தெரியும்மா. தப்புத்தான். இன்னிக்கு ஆபீசர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். எனக்கு வேல போனாப் போகட்டும்."

"உண்மையச் சொன்னா பாட்டுப் பெட்டியயும் சொல்லணும். அப்புறம் எனக்கும் போகும்."

இதை அவர் யோசித்திருக்கவில்லை. நானும்தான்.

அக்கா புது ஹெட்லைட்டைப் பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார். தன் ஹெல்மெட்டை என்னிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். "நேரமாச்சு சார். பின்னாடி உக்காருங்க. அங்க உக்காந்து கண்ண மூடிக்கலாம், ஒண்ணும் ஆகாது."

விசில் சார் நீல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். அக்கா சாவியைத் திருப்பினார். தன் ஹெல்மெட்டின் ஸ்பீக்கரை அவர் ஆன் செய்யவில்லை என்பதை நான் கவனித்தேன். பாட்டு பின் சீட்டுக்குப் போனது.

சித்தியின் வண்டியில் நாங்கள் பின்தொடர்ந்தோம். பஞ்சர் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, கூலிங்கிளாஸும் எங்களோடு மூன்றாவது ஆளாக ஏறப் பார்த்தான். சித்தி அவனை இறக்கிவிட்டாள். அவன் ஓடியே வந்தான். ரூட் கைமாறாமல் இருக்கிறதா என்று அவனுக்குக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பார்சல் அலுவலக வாசலில் லாரி ஏற்கெனவே உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. முன் இருக்கையிலிருந்து அதிகாரி இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பேனா. வரிசையில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு வண்டிக்கு இடம் காலியாக இருந்தது. அவர் அந்த இடத்துக்கு வருவதற்கும், அக்கா அதில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது.

"இதானே காணாமப் போன வண்டி?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்," என்றார் அக்கா.

"யாரு எடுத்தது?"

அக்கா சீட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கூலிங்கிளாஸ் மூச்சு வாங்கியபடி வானத்தைப் பார்த்தான்.

பின் சீட்டிலிருந்து விசில் சார் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, அதிகாரியின் எதிரில் நேராக நின்றார்.

"நான்தான் சார். லாரிக்கு இடம் வேணும்னு நகர்த்தினேன்." வண்டியை ஒரு முறை பார்த்தார். "கொஞ்சம் தூரமா நகர்த்திட்டேன்."

அதிகாரி அவரையே பார்த்தார். பத்து வருஷமாக ஒரு பொய்யும் சொல்லாத முகம் அது. புது ஹெட்லைட்டைப் பார்த்தார். பின்னால் லாரி டிரைவர் இன்னும் இடம் போதவில்லை என்று ஹார்ன் அடித்தார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அடுத்த தடவ கிட்டயே நகர்த்துங்க," என்று சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போனார்.

அக்கா தன் ரூட்டின் பொட்டலங்களை வாங்கிப் பையில் அடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பொட்டலத்தையும் முகவரி பார்த்து, நாலாம் மாடி அடியில், முதல் மாடி மேலே என்று அடுக்கினார். பையின் வாரை இழுத்துக் கட்டும்போதுதான் அவர் தன்னை அறியாமல் அந்தக் குழல் பாட்டை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கேட்டருகே விசில் சாரும் அதையே முணுமுணுத்தபடி, அவருக்கு வழி விடக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.